உள்ளே ஆயிரம், வெளியே பூஜ்யம்

மருத்துவமனையில் பில்லிங் சர்வர் ஐந்து நிமிடம் நின்றால் போதும், கவுன்டரிலிருந்து போன் வந்துவிடும். லேப் ரிசல்ட் வார்டுக்குப் போகவில்லை என்றால் சிஸ்டரே நேரில் வந்து நிற்பார். ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் சேமித்துக் காட்டும் பேக்ஸ் சர்வர் மெதுவானால் ரேடியாலஜி டாக்டரின் குரல் காரிடார் முழுக்கக் கேட்கும். லாக் சர்வர் நின்றால் மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். அன்றாட வேலைக்கு அதை நம்பியிருப்பவர் எவருமில்லை. என்றோ ஒருநாள், அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று யாராவது கேட்கும்போதுதான் அதன் நினைவு வரும். அது நின்றுபோயிருப்பதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தேதான் தெரியவரும்.

2021-ல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.டி. பிரிவில் இருந்தேன். ஃபயர்வால், வைஃபை கன்ட்ரோலர்கள், பில்லிங், பார்மசி, லேப், பேக்ஸ் என்று எல்லாமே தாங்கள் செய்வதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த ஐ.டி. லாகின் ஆனது, அந்தக் கோப்பு திறக்கப்பட்டது, இந்த முகவரியிலிருந்து வந்த இணைப்பு மறுக்கப்பட்டது. அந்த வரிகள் அனைத்தும் ஒரே இடத்தில் வந்து சேர்வதற்காக ஒரு விர்ச்சுவல் மெஷினில் கிரேலாக் நிறுவியிருந்தோம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் லென்னார்ட் கூப்மன் தொடங்கிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் அது. வரிகளை வாங்குவது, பிரிப்பது, தேடித் தருவது கிரேலாக்கின் வேலை. அந்த வரிகளை இன்டெக்ஸ் என்ற தொகுப்புகளாக உண்மையில் சேமித்து வைப்பது பின்னால் ஓடும் எலாஸ்டிக்சர்ச். யாருக்கு என்ன உரிமை, எந்தப் போர்ட்டில் எதைக் கேட்க வேண்டும் என்ற அமைப்புகள் மாங்கோடிபியில் இருக்கும். மூன்றும் சேர்ந்ததைத்தான் நாங்கள் லாக் சர்வர் என்போம். அதனால் 'லாக் சர்வர் போச்சு' என்று ஒருவர் சொன்னால், மூன்றில் எது என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு திங்கட்கிழமை காலை, மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. உள்நோயாளி ஒருவரின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட், டாக்டர் குடும்பத்தாரிடம் பேசுவதற்கு முன்பே அவர்களின் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியிருக்கிறது. கெட்ட செய்தி தாங்கிய ரிப்போர்ட். நோயாளியின் மகன் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். ஞாயிறு இரவு அந்த ரிப்போர்ட்டைத் திறந்தவர்கள் யார் யார் என்று பேக்ஸ் லாக்கை எடுத்துத் தர வேண்டும். அன்று மாலை ஷிஃப்டில் இருந்த டெக்னீஷியன் மேல் ஏற்கெனவே எல்லோருடைய பார்வையும் விழுந்திருந்தது.

புகாரின் நகலோடு வந்திருந்த நிர்வாக அலுவலர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளி எண்ணைக் கொடுத்துத் தேடினேன். பூஜ்யம் என்று வந்தது.

"அப்ப யாருமே தொறக்கல, அப்படித்தான சார்?" என்றார் அவர். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த வாக்கியத்தை அவர் அப்போதே நோட்டில் எழுதியும் கொண்டார்.

அந்தக் கேள்வியில் தவறு ஏதுமில்லை. திரையைப் பார்த்த எவரும் அதைத்தான் கேட்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் திரையில் வெறுமைதான். நடந்தது எழுதப்படவில்லை என்றாலும் அதே வெறுமைதான். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்தப் பக்கத்தில் ஒரு குறியும் கிடையாது. நோயாளி எண்ணை எடுத்துவிட்டு, எல்லா சர்வர்களுக்குமாக மூன்று நாள் கணக்கைக் கேட்டேன். சனிக்கிழமை இரவு 11 மணி வரை நெருக்கமாக நின்ற கோடுகள் அதற்குப் பிறகு அறவே இல்லை. நூற்றுக்கணக்கான படுக்கைகள் உள்ள ஒரு மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒருவர்கூட லாகின் செய்யவில்லை, ஒரு பில்கூடப் போடப்படவில்லை என்று அந்தப் படம் சொன்னது.

அதில் ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. பேக்ஸ் சர்வரின் வரிகள் மட்டும் ஞாயிறு அதிகாலை 4:30 வரை வந்து அதன் பிறகுதான் நின்றிருந்தன. மற்றவை எல்லாம் 11 மணிக்கு நிற்க, இது மட்டும் ஏன் நீள்கிறது என்று அப்போது விளங்கவில்லை. ஒரு தாளில் அந்த நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன்.

கிரேலாக் பக்கத்தின் மேல் மூலையில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். நொடிக்கு எத்தனை வரி உள்ளே வருகிறது, எத்தனை வெளியே போகிறது. வெளியே என்றால் எலாஸ்டிக்சர்ச்சில் எழுதப்படுவது. சாதாரண நாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அன்று உள்ளே ஆயிரத்தைத் தாண்டி ஓடியது, வெளியே பூஜ்யம். என் மனதில் தெளிவு வந்தது அந்த இடத்தில்தான். சர்வர் சாகவில்லை. காது கேட்கிறது, கைதான் எழுதவில்லை.

லாக் சர்வருக்கும் ஒரு லாக் உண்டு. அதன் சொந்த டிஸ்க்கில், வார்-லாக் அடைவுக்குள் சாதாரண உரைக் கோப்பாக இருக்கும். ஊரில் உள்ள எல்லோருடைய கதையையும் தேடித் தருகிற இயந்திரத்தின் கதையை மட்டும் பழைய முறைப்படி டெயில் கட்டளை போட்டுத்தான் படிக்க வேண்டும். அதில் ஒரே செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இன்டெக்ஸ் பூட்டப்பட்டிருக்கிறது, படிக்கலாம், அழிக்கலாம், எழுத முடியாது, மீண்டும் முயல்கிறேன். எலாஸ்டிக்சர்ச்சுடன் பழகியவர்களுக்கு அந்த வரியைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிடும். டிஸ்க் நிறைந்திருக்கிறது.

எலாஸ்டிக்சர்ச் தன் டிஸ்க்குக்கு மூன்று நீர்மட்டங்களை வைத்திருக்கிறது. பெயரே அப்படித்தான். நாமாக மாற்றாவிட்டால் அவை 85, 90, 95 சதவீதம். 85-ஐத் தாண்டினால் அந்த நோடுக்கு, அதாவது எலாஸ்டிக்சர்ச் ஓடும் அந்த சர்வருக்கு, புதிய பகுதிகளை ஒதுக்காது. 90-ஐத் தாண்டினால் இருப்பவற்றை வேறு நோடுக்கு நகர்த்தப் பார்க்கும். எங்களிடம் இருந்ததோ ஒரே நோடு, நகர்த்த இடமில்லை. 95 வெள்ள மட்டம். அதைத் தொட்டதும், டிஸ்க் முழுவதும் நிரம்பி உள்ளதும் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, எல்லா இன்டெக்ஸுக்கும் எழுத்துப் பூட்டுப் போட்டுவிடும். நல்ல நோக்கத்தில் வைக்கப்பட்ட ஏற்பாடு. எங்கள் கண்காணிப்பு மென்பொருளில் டிஸ்க் எச்சரிக்கை 98 சதவீதத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. மற்ற சர்வர்களுக்கு அது சரியான எண். இங்கே 95-லேயே கதவு மூடிவிட்டதால், அதற்கு மேல் டிஸ்க் ஏறவே இல்லை, எச்சரிக்கையும் அடிக்கவில்லை. கிரேலாக்கிலேயே வைத்திருந்த மற்ற எச்சரிக்கைகளும் பேசவில்லை. 'இத்தனை நிமிடத்தில் இத்தனை லாகின் தோல்வி இருந்தால் மெயில் அனுப்பு' என்பது போன்ற விதிகள் அவை. புதிய வரிகளே சேராததால் தோல்வி எண்ணிக்கையும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து அவை நிம்மதியாகவே இருந்தன. நிர்வாக அலுவலரைப் போலவே.

அதன் பிறகு வந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வந்த வரியைக் கிரேலாக் நேரே எலாஸ்டிக்சர்ச்சுக்குக் கொடுப்பதில்லை. முதலில் ஜர்னல் என்ற பகுதியில் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். தபால் நிலையத்தில் பிரிக்கப்படாமல் கிடக்கும் மூட்டைகள்போல என்று வைத்துக்கொள்ளலாம். எலாஸ்டிக்சர்ச் கொஞ்ச நேரம் தடுமாறினாலும் மூட்டைகள் காத்திருக்கும். ஆனால் காத்திருப்புக்கு எல்லை உண்டு. நிறுவும்போது வரும் அமைப்பில் அளவு வரம்பு 5 ஜிபி, வயது வரம்பு 12 மணி நேரம். எங்கள் சர்வரில் அளவை 20 ஜிபிக்கு உயர்த்தியிருந்தோம், ஜர்னலுக்குத் தனி டிஸ்க்கும் கொடுத்திருந்தோம். வயது வரம்பு 12 மணி நேரமாகவே இருந்தது. அதைத் தாண்டிய மூட்டை, பிரிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கழிக்கப்படும்.

அப்படியானால் சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு மாலை வரையிலானவை ஏற்கெனவே போய்விட்டன. மீதம் இருப்பது ஞாயிறு இரவு மட்டுமே. அதுவும் பின்புறத்திலிருந்து கரைந்துகொண்டிருக்கிறது. காலை 8:50-க்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, முந்தைய இரவு 8:50-ன் வரிகள் அழிகின்றன. 9 மணிக்கு 9 மணியின் வரிகள் அழியும். புகாரில் சொல்லப்பட்ட இரவு அது. என்ன செய்வது என்று நாங்கள் பேசுகிற ஒவ்வொரு நிமிடமும், நேற்றைய ஒரு நிமிடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை பார்த்த தம்பி கெட்டிக்காரன். கட்டளைகளை விரல் நுனியில் வைத்திருப்பவன். "அண்ணே, பழைய இன்டெக்ஸ் ரெண்டு மூணத் தூக்கிட்டா டிஸ்க் எறங்கிரும்ண்ணே. அஞ்சு நிமிசம்" என்றான். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அவன் சொன்னது சரி. அந்தப் பூட்டிலேயே அழிப்பதற்கு அனுமதி இருக்கிறது. எந்த வழிகாட்டியைத் திறந்தாலும் அதுதான் முதல் தீர்வாக இருக்கும். ஆனால் புகார் மேசை மேல் இருக்கிற காலையில், நிர்வாக அலுவலர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கையில், ஐ.டி. பிரிவு பழைய பதிவுகளை அழித்தது என்ற ஒரு வரி நிர்வாகக் கோப்பில் ஏறினால், அதற்குப் பிறகு நாங்கள் எடுத்துக் கொடுக்கிற எதையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. "இன்னைக்கு எதையும் அழிக்க வேணாம்டா. டிஸ்க்கப் பெருசாக்குவோம்" என்றேன். அவனுக்கு முகம் வாடியது. டிஸ்க்கைப் பெரிதாக்க ஸ்டோரேஜ் பார்க்கிற சீனியரின் ஒப்புதல் வேண்டும், அவர் பத்து மணிக்குத்தான் வருவார்.

அதுவரை காத்திருக்க முடியாத வேலை ஜர்னல்தான். அதற்கு முன் இன்னொன்றும் இருந்தது. உள்ளே வரும் அந்த ஆயிரம் எங்கள் வழக்கமான அளவில்லை. போர்ட்டுக்கு வருவதை டிசிபிடம்ப் கட்டளை போட்டுப் பார்த்தோம். திரை நிறைய 191 என்ற எண்ணோடு தொடங்கும் வரிகள். கருவிகள் லாக் வரிகளை அனுப்பும் பொது முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். சிஸ்லாக் வரியின் தலையில் உள்ள அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. எந்த வகைக் கருவி என்பதற்கு 0 முதல் 23 வரை ஒரு எண், அதை 8-ஆல் பெருக்கி, எவ்வளவு முக்கியம் என்பதற்கான 0 முதல் 7 வரையிலான எண்ணைக் கூட்ட வேண்டும். 0 என்றால் உலகமே இடிகிறது. 7 என்றால் டீபக், அதாவது பழுது பார்ப்பவருக்கு மட்டும் தேவையான சிறு சிறு விவரம். 23 பெருக்கல் 8, கூட்டல் 7. அந்தக் கணக்கில் வரக்கூடிய மிகப் பெரிய எண் 191, முக்கியத்துவத்தில் கடைசிப் படி. எல்லாம் ஒரே வைஃபை கன்ட்ரோலரிலிருந்து. ஆபரேஷன் தியேட்டர் மாடியில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்று சனிக்கிழமை பார்க்க வந்த சர்வீஸ் இன்ஜினியர், காரணம் கண்டுபிடிப்பதற்காக டீபக்கைப் போட்டிருக்கிறார். வேலை முடியாததால் அது அப்படியே ஓடியிருக்கிறது. எங்கள் இன்டெக்ஸ் விதியோ நாளுக்கு ஒன்று, மொத்தம் 90 என்பது. நாள் கணக்கு இருந்தது, எடைக் கணக்கு இல்லை. ஒரே சனிக்கிழமை பல நாள் அளவுக்கு வீங்கி டிஸ்க்கை 95-க்குத் தள்ளிவிட்டது.

கன்ட்ரோலரில் புகுந்து டீபக்கை நிறுத்தினான் தம்பி. உள்ளே வரும் எண் இருநூற்றுக்கும் கீழே இறங்கியது.

பிறகு கிரேலாக்கை நிறுத்தினோம். இதைச் செய்யத்தான் மனம் மிகவும் தயங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பகுதியை நாமே நிறுத்துகிறோம். ஃபயர்வால் தன் வரிகளை யூடிபியில் அனுப்புகிறது. அனுப்பியதோடு அதன் கடமை முடிந்தது, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே நிறுத்தியிருக்கும் நிமிடங்களில் ஃபயர்வால் சொல்வது காற்றில் போகும். டிசிபியில் அனுப்பி, ஆர்சிஸ்லாக் என்ற அனுப்பும் மென்பொருளில் வரிசை அமைத்திருந்த லினக்ஸ் சர்வர்கள் மட்டும் பிடித்து வைத்திருந்து பிறகு தரும். இன்றைய சில நிமிடங்களைக் கொடுத்து நேற்றைய இரவை வாங்குவது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவையும் நேரத்தையும் தாளில் எழுதி, நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்கினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நேரத்துக்குள் அவருக்கும் விஷயத்தின் கனம் புரிந்திருந்தது.

நிறுத்தியபோது மணி 9:05. ஜர்னல் அடைவை அப்படியே வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். அமைப்புக் கோப்பில் வயது வரம்பை 12 மணியிலிருந்து 72 மணிக்கு மாற்றினோம். இந்த வரிசை முக்கியம். வரம்பை மாற்றாமல் மறுபடி தொடங்கினால், எழுந்த கையோடு பழைய மூட்டைகளைக் கழிக்கத்தான் அது போகும். நகல் முடிந்ததும் தொடங்கினோம். ஜர்னலில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வரிகள் காத்திருப்பதாகக் காட்டியது. இனி அவை எங்கும் போகாது. அப்போதுதான் தம்பி போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

ஸ்டோரேஜ் சீனியர் வந்த பிறகு நடந்தது சுருக்கமானது. டிஸ்க்குக்கு இடம் கூட்டி, எல்.வி.எம்.மில் நீட்டி, கோப்பு அமைப்பையும் விரித்தார். சர்வரை நிறுத்தத் தேவை இருக்கவில்லை. நிறைவு எழுபதுகளுக்கு இறங்கியது. எலாஸ்டிக்சர்ச் 7.4 முதல், இடம் கிடைத்துவிட்டால் பூட்டு தானாக அவிழ்ந்துவிடும். எங்களுடையது அதற்கு முந்தைய 6 வரிசை. இடம் எவ்வளவு இருந்தாலும் நாம் அவிழ்க்கும்வரை பூட்டு அப்படியே இருக்கும். இதை அறியாமல் டிஸ்க்கை மட்டும் காலிசெய்துவிட்டு, ஏன் இன்னும் எழுதவில்லை என்று பலர் மாங்கோடிபி வரை போய்த் தேடியிருக்கிறார்கள். எல்லா இன்டெக்ஸிலும் அந்தப் பூட்டின் மதிப்பை வெறுமையாக்கும் ஒற்றை வரிக் கட்டளை போதும். போட்டோம். வெளியே என்ற எண் பூஜ்யத்திலிருந்து நான்காயிரம், ஐந்தாயிரம் என்று ஏறியது. இத்தனை ஆண்டு சர்வர் வேலையில் என்னை அவ்வளவு மகிழ்வித்த எண்கள் குறைவு.

ஜர்னல் முதலில் வந்ததை முதலில் கொடுக்கும். ஆகவே ஞாயிறு இரவு 9 மணியைச் சுற்றிய வரிகள்தான் முதலில் வந்தன. பில்லிங் வந்தது, லேப் வந்தது, ஃபயர்வால் வந்தது. பேக்ஸ் மட்டும் வரவில்லை. 9 மணி, 10 மணி, 11 மணி, நள்ளிரவு. ஒரு வரிகூட இல்லை. நோயாளி எண்ணை மட்டும் கொடுத்து, நேர வரம்பை அகலமாக்கித் தேடினேன். கிடைத்தது. திங்கள் அதிகாலை 3:10-க்கு, அந்த மாலை ஷிஃப்ட் டெக்னீஷியனின் ஐ.டி.யிலிருந்து ரிப்போர்ட் திறக்கப்பட்டு அச்செடுக்கப்பட்டிருக்கிறது.

அவருடைய ஷிஃப்ட் இரவு 10 மணிக்கு முடிந்தது. டியூட்டி ரோஸ்டர் நிர்வாக அலுவலரின் கையிலேயே இருந்தது. "மூணு மணிக்கு இவரு ஐ.டி. எப்படி சார் ஓப்பன் ஆகும்?" என்று கேட்டவர், பதிலை எதிர்பார்க்காமல் போனை எடுத்தார். பத்து விநாடி பொறுக்கச் சொன்னேன். என் கண் தாளில் காலையில் குறித்த நேரத்தின் மேல் இருந்தது. எல்லா சர்வரும் சனி இரவு 11:00-க்கு நின்றன. பேக்ஸ் மட்டும் 4:30-க்கு. இடைவெளி ஐந்தரை மணி நேரம். இந்தியாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எவரும் அந்த எண்ணைப் பார்த்துச் சும்மா போக முடியாது.

சிஸ்லாக் என்பது எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் பெர்க்லி பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த யூனிக்ஸ் உலகத்தின் பிள்ளை. எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் மென்பொருளுக்குத் துணையாக எண்பதுகளில் எழுதியது, பிறகு எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நீண்ட காலம் அதற்கு எழுதப்பட்ட விதி என்று ஒன்று இருக்கவில்லை. 2001-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3164 என்ற இணைய ஆவணம் அதுவரை நடைமுறையில் இருந்ததைப் பதிவு செய்தது. அந்த வடிவத்தில் நேரம் என்றால் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. ஆண்டு கிடையாது. எந்த ஊர் நேரம் என்பதும் கிடையாது. 2009-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5424-ல்தான் ஆண்டும் நேர மண்டலமும் சேர்ந்தன. எங்கள் ஃபயர்வால் புதிய வடிவில் பேசியது. சில வாரங்களுக்கு முன்புதான் லாக் சர்வரோடு இணைக்கப்பட்டிருந்த பேக்ஸ், ஆர்சிஸ்லாக்கின் பழைய அனுப்பும் வடிவில் பேசியது. இரவு 9:40 என்று இந்திய நேரத்தில் அது சொன்னதை, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் லாக் சர்வர் யூடிசி இரவு 9:40 என்று எடுத்துக்கொண்டது. அதை எனக்கு இந்திய நேரத்தில் காட்டும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, அதிகாலை 3:10 ஆக்கிவிட்டது.

ஊகத்தை வைத்து ஒரு மனிதரை விடுவிக்கவும் கூடாது, மாட்டிவிடவும் கூடாது. கிரேலாக், வரி தன்னைப் பற்றிச் சொல்லும் நேரத்தைத் தவிர, அது தன் கைக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் தனிப் புலமாகக் குறித்து வைக்கும். அந்தப் புலத்தைத் திறந்தோம். ஞாயிறு இரவு 9:40. பிறகு நிர்வாக அலுவலரையும் ரேடியாலஜி இன்சார்ஜையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேக்ஸ் சர்வரின் உள்ளூர் கோப்பைப் பார்த்தோம். அங்கேயும் 9:40.

அந்த சர்வரிலேயே பதிவு இருந்ததே, அதைக் காலையிலேயே பார்த்திருக்கலாமே என்று இதைப் படிப்பவர் கேட்கலாம். இருந்தது. ஆனால் அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை, ரேடியாலஜி பக்கத்தில் சிலருக்கும் மென்பொருள் தந்த நிறுவனத்தின் ஆட்களுக்கும் இருந்தது. விசாரிக்கப்படுகிற இடத்திலேயே இருக்கும் பதிவு தனியாக நின்று சாட்சி சொல்ல முடியாது. எழுதப்பட்ட அதே நொடியில் வேறோர் இயந்திரத்துக்கு, வேறு ஆட்களின் பொறுப்புக்குப் போய்விட்ட நகல் ஒன்று இருந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு. லாக் சர்வரை ஒரு நிறுவனம் வைத்திருப்பதன் காரணமே அதுதான்.

9:40-க்கு டெக்னீஷியன் டியூட்டியில் இருந்தார். டியூட்டி டாக்டர் கேட்டதற்கு அச்செடுத்து, வார்டு ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தக் கையெழுத்தின் பக்கத்தில் 9:45 என்று எழுதியிருந்தது. அவர் மேல் இருந்த சந்தேகம் அந்த மதியமே விலகியது. அந்தத் தாள் வார்டிலிருந்து எப்படி ஒருவரின் போன் கேமராவுக்குப் போனது என்பதை எங்கள் எந்த வரியும் சொல்லாது. அது மனிதர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, நிர்வாகம் அதைப் பிறகு தன் வழியில் விசாரித்தது. கிரேலாக்கை நிறுத்தியது 9:05-க்கு என்பதை மட்டும் அன்று மாலை நினைத்துப் பார்த்தேன். ஸ்டோரேஜ் ஒப்புதல் வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தால் 9:40-ன் வரி மையப் பதிவில் இருந்திருக்காது. உள்ளூர் கோப்பு மட்டும் இருந்திருக்கும், அதை நம்புவதா வேண்டாமா என்ற சச்சரவும் இருந்திருக்கும்.

அந்த வாரமே சிலவற்றை மாற்றினோம். கருவிகளின் வரிகளுக்கு ஒரு இன்டெக்ஸ் தொகுப்பு, யார் எதைத் திறந்தார் என்ற வரிகளுக்குத் தனித் தொகுப்பு. ஒன்றின் இரைச்சல் மற்றதை விழுங்கக் கூடாது. நாள் கணக்கை விட்டு அளவுக் கணக்கு. எச்சரிக்கை 80 சதவீதத்தில். பேக்ஸைப் புதிய வடிவுக்கு மாற்றினோம். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. லாக் சர்வரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பழைய மெஷின், நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு வரி அனுப்பும். சற்று நேரம் கழித்து அதே மெஷின், தான் அனுப்பிய வரி தேடலில் கிடைக்கிறதா என்று கேட்கும். கிடைக்காவிட்டால் எங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரும். சர்வர் ஓடுகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதை நான் அதற்குப் பிறகு பெரிதாக மதிப்பதில்லை. அன்று அவை எல்லாமே பச்சையாகத்தான் இருந்தன.

மறு ஆண்டு, 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தன் உத்தரவை வெளியிட்டது. பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடிகாரங்களும் தேசிய தகவலியல் மையமான என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரத்தைப் பற்றிய அந்தப் பகுதியைப் பலர் சடங்காகப் பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிகாரங்கள் எல்லாம் சரியாக இருந்தும், எந்த ஊர் நேரம் என்பதைச் சொல்லாத ஒரே காரணத்துக்காக ஒருவர் வேலை போகும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். கடிகாரமே தவறாக இருக்கும் இடங்களில் என்னென்ன நடந்திருக்கும்!

திரும்ப அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன், ஒன்று பாக்கி இருக்கிறது. மாலையில் நிர்வாக அலுவலர் அறிக்கையின் வரைவைக் கொண்டுவந்தார். டெக்னீஷியனைப் பற்றிய பகுதி சரியாக இருந்தது. கடைசியில் ஒரு வாக்கியம், 'சனி இரவு முதல் ஞாயிறு மாலை வரை அந்த ரிப்போர்ட்டை வேறு எவரும் திறக்கவில்லை' என்று. காலையில் நோட்டில் எழுதிய வரிதான், கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். "அதான் எதுவும் இல்லையே சார், அப்படிப் போட்டா என்ன?" என்றார். அவருக்கு அறிக்கை முழுமையாக இருக்க வேண்டும் என்ற ஆசை, அது நியாயமானதும்கூட. சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு இரவு 9 மணி வரை மையப் பதிவில் எதுவும் இல்லை, அது ஏன் இல்லை, அந்த நேரத்தைப் பற்றி எங்களால் எதுவும் சொல்ல முடியாது என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். சற்று நேரம் வாதம் நடந்தது. மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் வரை போனது. அவர் டாக்டர். எக்ஸ்ரே எடுக்காததற்கும் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு விளக்கத் தேவைப்படவில்லை. நான் சொன்னபடியே எழுதச் சொன்னார்.

அடுத்த சில நாட்கள் தம்பியும் நானும் ஒவ்வொரு சர்வராகப் போய், அந்த இடைவெளிக்கு உள்ளூர் கோப்புகளில் மிஞ்சியிருந்ததைத் திரட்டினோம். பில்லிங், பார்மசி, லேப் மூன்றும் முழுதாகக் கிடைத்தன. பேக்ஸும் கிடைத்தது. அவற்றை மையத்தில் பழைய பதிவுகளோடு கலக்காமல், 'பின்னர் சேர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு தனியாக வைத்தோம். ஃபயர்வாலின் நினைவகம் சின்னது, பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். அதன் இருபத்திரண்டு மணி நேரம் எங்கும் கிடைக்கவில்லை. அதையும், திங்கள் காலை நாங்களே நிறுத்தியிருந்த நிமிடங்களையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு அறிக்கையோடு இணைத்தோம்.